சதாப்தி ஏன் மேடையை விட்டு இறங்கியது? பாதல் சர்க்கார் குழுவைப் பற்றி ஓர் இழை

கடைசிவரிசை:
போன வாரம் தெருநாடக இழையில் ஒருவர் "பாதல் சர்க்கார்னா உடம்பை வளைச்சு நெளிச்சு நடிக்கிறதுதானே" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். அங்கேயே பதில் போட்டால் பேச்சு திசைமாறும் என்பதால் இந்தத் தனி இழை. என் கட்சி இதுதான்: வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்காரின் சதாப்தி குழு செய்த பெரிய பரிசோதனை உடம்பில் நடக்கவில்லை, காசில் நடந்தது. ஒரு நாடகம் போட எவ்வளவு ஆகிறது, அதை யார் தருகிறார், தருகிறவருக்காக நாடகம் எப்படியெல்லாம் வளைகிறது என்ற கணக்கைத்தான் அவர்கள் மாற்றிப் போட்டார்கள். உடல்மொழி, வட்ட அரங்கு எல்லாம் அதன் பின்னால் வந்தவை.

கல்கத்தா நாடகப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1943-ல் இப்டா (இந்திய மக்கள் நாடக மன்றம்), 1944-ல் வங்கப் பஞ்சத்தை வைத்து பிஜன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன', 1948-ல் சம்பு மித்ராவின் பஹுரூபி, 1959-லிருந்து மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் குழு, 1960-ல் நாந்திகார். இந்த வகைக்கு அங்கே 'குரூப் தியேட்டர்' என்று பெயர். ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி ஒத்திகை பார்க்கிற ஆட்கள், வணிக நாடகம் பிடிக்காதவர்கள், பெரும்பாலும் இடதுசாரிகள். கொள்கையில் ஆயிரம் சண்டை இருந்தாலும் எல்லோருக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: ஹால், படுதா, விளக்கு, டிக்கெட்.

பாதல் சர்க்கார் இதற்குள் பக்கவாட்டு வாசல் வழியாக வந்தவர். 1925-ல் கல்கத்தாவில் பிறந்தார், ஷிப்பூர் பெங்கால் இன்ஜினியரிங் காலேஜில் சிவில் படித்தார், நகரத் திட்டமிடல் வேலையில் லண்டன், நைஜீரியா என்று போய்வந்தார். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து வெளியே வந்தவர். 'ஏவம் இந்திரஜித்' 1963-ல் எழுதியது, 1965-ல் அச்சிலும் மேடையிலும் வந்தது. 'பாக்கி இதிஹாஸ்' நாடகத்தை 1967-ல் பஹுரூபியே போட்டது. சம்பு மித்ரா உங்கள் நாடகத்தை எடுத்துக்கொண்டால் அந்தக் காலக் கல்கத்தாவில் அதற்கு மேல் ஏறப் படி கிடையாது. சதாப்தி தொடங்குவதும் அதே 1967-ல். அடுத்த வருடமே சங்கீத நாடக அகாதெமி விருது.

ஆக, தோற்றுப்போன ஆள் மேடையை விட்டு இறங்கவில்லை. கைதட்டல் உச்சத்தில் இருந்தபோது ஹாலையும் மேடையையும் விட்டு, சாதாரண அறைக்கும் பூங்காவுக்கும் இறங்கியிருக்கிறார். ஏன்?

திரைச்சீலை:
நல்ல இழை. ஆனால் கேள்வியையே எனக்குச் சாதகமாகத் திருப்பிக் கேட்கிறேன்: இறங்காமல் இருந்திருந்தால் நாம் இழந்தது என்ன, இறங்கியதால் இழந்தது என்ன? 'ஏவம் இந்திரஜித்' தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் எழுத்தாளர் எழுத உட்கார்ந்து ஒன்றும் வராமல் தவிக்கிறார், மாசிமா (சித்தி) சாப்பிட வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்புறம் தாமதமாக வந்து இருக்கை தேடுகிற நாலு பேரை மேடைக்குக் கூப்பிட்டுப் பெயர் கேட்கிறார். அமல், பிமல், கமல் என்று மூன்று பேர் சொல்லிவிட, நாலாவது ஆள் நிர்மல் என்கிறான். எழுத்தாளர் விடுவதில்லை. இருக்க முடியாது, உண்மைப் பெயரைச் சொல் என்று அதட்டுகிறார். அப்போதுதான் இந்திரஜித் என்று வருகிறது. எல்லோரையும் போல இல்லாத பெயரைச் சொல்லப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான். பரீட்சை, வேலை, கல்யாணம், திரும்பவும் பரீட்சை என்று சுற்றுகிற ஒரு தலைமுறையை இந்த ஒரு காட்சியில் பிடித்துவிட்டார். கிரீஷ் கர்னாட் உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் என்றால் சும்மாவா?

இதை எழுதியவர் பத்து வருடம் கழித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைப் பாத்திரங்களாக வைத்து எழுதினார். கேட்டால் 'மூன்றாம் அரங்கு'. எனக்கு அது நஷ்டக் கணக்கு.

ஹௌராபாலம்:
வேலை நிமித்தமாக ரொம்ப வருடம் கல்கத்தாவில் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரைச்சீலை சார், இறங்கியது ஒரே நாளில் நடக்கவில்லை. சதாப்தி முதல் சில வருடம் எல்லோரையும் போல மேடையில்தான் போட்டது. 1969-ல் சர்க்கார் சோவியத் ரஷ்யா, போலந்து, செக்கோஸ்லோவாகியா போகிறார். போலந்தில் அந்த ஊர் இயக்குநர் க்ரோடோவ்ஸ்கியின் நாடகம் பார்க்கிறார். மேடை இல்லை, படுதா இல்லை, நடிகனுக்கும் பார்ப்பவனுக்கும் நடுவே கை நீட்டினால் தொடுகிற தூரம். திரும்பி வந்த பிறகு 1971-ல் நேரு ஃபெல்லோஷிப் கிடைக்கிறது, அதன் பேரில்தான் மூன்றாம் அரங்கு பற்றி யோசித்து எழுதினார், புத்தகமாக 1978-ல் வந்தது. அவர் கணக்கில் முதல் அரங்கு கிராமத்து ஜாத்ரா போன்ற மரபுக் கலைகள், இரண்டாவது நகரத்தில் வெள்ளைக்காரனிடம் வாங்கிய படச்சட்டம் போன்ற மேடை, மூன்றாவது இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டு இரண்டுமாக இல்லாத ஒன்று. 1972-ல் அமெரிக்கா போய் இயக்குநர் ரிச்சர்ட் ஷெக்னரின் குழுவையும் பார்த்தார்.

இதைச் சொன்னால் உடனே "ஓ, வெளிநாட்டுச் சரக்கு" என்பார்கள். சரி, க்ரோடோவ்ஸ்கி நாடகத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் பார்க்க முடியும், கிட்டத்தட்ட மடாலயம் மாதிரி. சர்க்கார் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பக்தியை அல்ல, அந்தத் தூரத்தை மட்டும். தூரம் குறைந்தால் விளக்கு வேண்டாம், மைக் வேண்டாம், முகத்தில் அரிதாரம் வேண்டாம். இத்தனையும் வேண்டாம் என்றால் ஹாலும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். அதனால் கடைசிவரிசை சொல்கிற காசுக் கணக்கும் உடம்பும் தனித்தனி இல்லை, ஒன்றை இழுத்தால் மற்றது வருகிறது.

1971-ல் 'சாகினா மஹாதோ' நாடகம். அதில் தொடங்கியது மாற்றம். பிறகு அகாதெமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை கிடைத்தது, அதற்கு அங்கன்மஞ்ச என்று பெயர் வைத்தார்கள். அங்கே 'ஸ்பார்ட்டகஸ்'. ஹோவர்ட் ஃபாஸ்ட் நாவலிலிருந்து எடுத்தது. ரோமாபுரியைக் காட்ட ஒரு தூண் கூட வைக்கவில்லை, எல்லாம் ஆட்களின் உடம்புதான். அடிமைகள் கூட்டம் கூட்டமாக நகர்வது, விழுவது, எழுவது. நடுவில் பார்வையாளர்கள், அவர்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கூட நடிகர்கள் வருவார்கள்.

இங்கே யாரும் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த மனிதரின் பகல் வேலை நகரத் திட்டமிடல். தெரு எங்கே போகணும், ஜனம் எங்கே கூடும், எங்கே நெரிசல் வரும் என்று யோசிப்பதுதான் சம்பளம். சாயங்காலம் வந்து அதே மூளையை ஓர் அறைக்குள் திருப்பினார். பெஞ்சுகளை வரிசையாகப் போடாமல் சந்து சந்தாகப் போட்டுப் பார்வையாளர்களைப் பிரித்து உட்கார வைத்தார். 'மிச்சில்', அதாவது 'ஊர்வலம்', அதற்கு இருக்கை போட்ட விதம் ஒரு வரைபடம் மாதிரி: பெஞ்சுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து பாதை, அதில் ஊர்வலங்கள் ஒன்றையடுத்து ஒன்று போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் ரோட்டோரம் நிற்கிற ஆள். எழுத்தாளர்கள் நாடகத்தை வரியாக யோசிப்பார்கள், இவர் தரையாக யோசித்தார்.

கூட்டல்கழித்தல்:
வணக்கம். காசுக் கணக்கு என் பேட்டை என்பதால் வந்தேன். டிக்கெட் இல்லை என்கிறீர்கள், சரி. அப்போது சாப்பாடு? நடிகர்களுக்குச் சம்பளம்?

கடைசிவரிசை:
சம்பளமே கிடையாது, அதுதான் விஷயம். எல்லோரும் வேறு வேலை பார்க்கிறவர்கள். முதலில் டிக்கெட் வைத்தார்கள், எழுபதுகளில் அதையும் எடுத்துவிட்டார்கள். நாடகம் முடிந்ததும் ஒரு துணியை விரிப்பார்கள், போடுகிறவர் போடலாம், போடாமலும் எழுந்து போகலாம். அந்தக் காசு போக்குவரத்துக்கும் டீக்கும் சரியாகப் போகும். செட்டு, உடை, விளக்கு என்று எதுவும் இல்லாததால் குழு பஸ்ஸிலும் லோக்கல் ரயிலிலும் ஏறி எங்கேயும் போக முடிந்தது. "சுலபமாகத் தூக்கிக்கொண்டு போகலாம், எந்த இடத்துக்கும் வளையும், செலவு குறைவு" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னதன் சாரம்.

விற்கிறவன் வாங்குகிறவன் உறவு நாடகத்தில் இருக்கக்கூடாது என்பது அவர் வாதம். வாங்கியவன் "என் காசுக்கு என்ன தருகிறாய்" என்று கேட்பான், நீ அவனைச் சந்தோஷப்படுத்தப் பார்ப்பாய், அங்கேயே பேசவந்த விஷயம் போச்சு.

கூட்டல்கழித்தல்:
சம்பளம் கொடுக்காத குழுவில் சம்பளம் வாங்குகிற வேலை இருக்கிறவன்தான் நடிக்க முடியும். கூலிக்காரன் நடிக்க முடியாது. அப்படியென்றால் ஏழைகளுக்கான நாடகத்தை நடுத்தர வர்க்கம் தன் ஆபீஸ் சம்பளத்திலிருந்து மானியம் கொடுத்து நடத்தியது என்றுதானே எழுத வேண்டும்? குறை சொல்லவில்லை. கணக்கை முழுசாக எழுதச் சொல்கிறேன்.

கடைசிவரிசை:
இந்த வரியை நான் மறுக்கப் போவதில்லை, மறுக்கவும் முடியாது. ஆனால் ஹால் நாடகத்துக்கும் அதே நடுத்தர வர்க்கம்தான் டிக்கெட் வாங்கி மானியம் கொடுத்தது. வித்தியாசம் எங்கே என்றால், பார்க்கவருகிறவன் தலையிலிருந்து செலவை எடுத்து நடிக்கிறவன் தலையில் வைத்தார்கள். அப்புறம் சர்க்காரே எழுபதுகளில் அந்த நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு முழுநேரமாக இதற்கு வந்தார் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஹௌராபாலம்:
காலத்தையும் சேர்க்கணும். 1967-ல் நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சி. எழுபதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவில் காலையில் காலேஜுக்குப் போன பையன் ராத்திரி வீடு திரும்புவானா என்று தாய்மார்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம். போலீஸ், என்கவுண்டர், கட்சிகளுக்குள் வெட்டுக்குத்து. 'ஊர்வலம்' 1974-ல் வருகிறது. அதில் கோகா என்று ஒரு பையன், நான் செத்துப்போனேன், நேற்றும் கொல்லப்பட்டேன், இன்றைக்கும் கொல்லப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டே திரிகிறான். அதிகாரி வந்து யாரும் சாகவில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று விரட்டுகிறார். எந்த ஊர் பார்வையாளருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. கடைசியில் நடிகர்கள் ஒரு புது ஊர்வலமாகப் பாடிக்கொண்டே பார்வையாளர்களையும் சேர்த்துக்கொள்வார்கள்.

அதே 1974 ஜூலை 20-ல் எஸ்பிளனேடு பக்கம் கர்ஸன் பூங்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் போலீஸ் தடியடி, பிரபீர் தத்த என்ற இளைஞர் இறந்துபோகிறார். திறந்தவெளியில் நாடகம் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனாலும் சில வருடத்தில் சதாப்தி அதே பூங்காவில் தொடர்ந்து நாடகம் போட்டது. இப்போது அதற்கு சுரேந்திரநாத் பூங்கா என்று பெயர். நாடகம் பார்க்க என்று கிளம்பி வராதவன், டிராமுக்கு நிற்கிறவன், கடலை கொறிக்கிறவன் எல்லாம் வட்டம் கட்டி நிற்பான். மாடி அறைக்கு வருகிறவன் நாடக ரசிகன், பூங்காவில் நிற்கிறவன் யாரோ. அந்த "யாரோ"வுக்காகத்தான் இறங்கியது என்பேன்.

நீலப்பேனா:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 'போமா' பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஹௌராபாலம்:
வந்துகொண்டிருந்தேன், நீங்கள் முந்திவிட்டீர்கள்.

சுந்தரவனத்தில் ரங்காபேலியா என்று ஓர் ஊர். அங்கே துஷார் காஞ்சிலால் என்ற தலைமையாசிரியர் ஊர்ப்பணி செய்துகொண்டிருந்தார். சதாப்திக்காரர்கள் அங்கே போய்வந்தபோது அவரிடம் கேட்ட கதைகளிலிருந்து கிடைத்தவன் போமா. காட்டை வெட்டிக் கழனியாக்கிய குடும்பம், புலி, உப்புத் தண்ணீர், கடன். 1976-ல் நாடகமாகிறது. ஆனால் போமாவின் வாழ்க்கை வரலாறு என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். போமாவை நாடகம் முழுக்கக் கூப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், ஆனால் கதை என்று ஒன்று வரிசையாக வராது. காட்சிகள் துண்டு துண்டு: நகரத்தில் ஒருவன் வேலை தேடுகிறான், இன்னொருவன் பம்புசெட்டுக்கு பேங்கில் கடன் கேட்கிறான், நடுவில் போமா போமா என்று குரல். கல்கத்தாவில் உட்கார்ந்து சோறு தின்கிறவனுக்கும் அந்தச் சோற்றை விளைவித்தவனுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. நடிகர்களே கிராமத்துக்குப் போய், பார்த்து, விவாதித்து எழுந்த பிரதி. சந்தால் பழங்குடியினர் எழுச்சியை (1855) எடுத்துக்கொண்ட 'பாசி கபர்' இன்னும் ஒரு படி மேலே போய்க் குழுவே கூடி உருவாக்கியது.

திரைச்சீலை:
ரங்காபேலியா ஜனம் அதைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். துண்டு துண்டாகக் காட்சி, ஒரே ஆள் பத்துப் பாத்திரம், மரமும் ஆளே, இயந்திரமும் ஆளே. ஜாத்ரா பார்த்துப் பழகிய கிராமத்தானுக்குக் கதை வேண்டும், பாட்டு வேண்டும், வில்லன் வேண்டும். உத்பல் தத் அறுபதுகளின் கடைசியில் ஜாத்ராவுக்குப் போனார், ஆயிரக்கணக்கில் கூட்டம், ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். அரசியலும் சொன்னார். டிக்கெட்டும் இருந்தது! காசு கொடுத்து வந்தவன் ஏழைதான். ஆகவே டிக்கெட்டை எடுத்தால் மக்களிடம் போய்விடலாம் என்ற கணக்கு தப்பு. மக்களிடம் போவதற்கு அவர்களுக்குப் பிடித்த வடிவம் வேண்டும்.

கடைசிவரிசை:
நியாயமான அடி. இதற்கு என் பதில் இரண்டு. ஒன்று, ஜாத்ரா கம்பெனி என்பது பெரிய வியாபாரம், முதலாளி இருக்கிறார், நட்சத்திரத்துக்கு விலை இருக்கிறது, எல்லா நாடகத்தையும் அவர் போட விடமாட்டார். உத்பல் தத் மாதிரி பெரிய பெயர் போய் நின்றால் நடக்கும், நானும் நீங்களும் போனால் நடக்காது. சதாப்தியின் வடிவத்துக்குப் பெயர் தேவையில்லை, பத்துப் பேரும் ஒரு முற்றமும் போதும். அதனால்தான் அது பரவியது. எண்பதுகளில் சதாப்தியும் வேறு சிறு குழுக்களும் சேர்ந்து ஊர் ஊராக நடந்துபோய் நாடகம் போடும் கிராமப் பரிக்கிரமா நடத்தினார்கள். நல்லா இருந்ததா, எல்லோருக்கும் புரிந்ததா என்பது ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கதை.

இரண்டு, பரவியதை வங்காளத்துக்குள் மட்டும் தேடக்கூடாது. மணிப்பூரில் இயக்குநர் கன்ஹாய்லால் தன் நாடகத்தை மாற்றிக்கொண்டதில் எழுபதுகளின் தொடக்கத்தில் சர்க்கார் இம்பாலில் நடத்திய பட்டறைக்குப் பங்கு உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது லாகூர் கதை. ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சி, அரங்குக்கு அனுமதி வாங்குவதே நடக்காத காரியம். 1984-ல் மதீஹா கௌஹரின் அஜோகா குழு தன் முதல் நாடகமாக அதே 'ஊர்வலம்' நாடகத்தை அவருடைய அம்மா வீட்டுப் புல்வெளியில் போட்டது. கல்கத்தா போலீஸை நினைத்து எழுதியது லாகூர் போலீஸுக்கு அப்படியே பொருந்தியிருக்கிறது. விளக்கும் செட்டும் வேண்டும் என்ற நாடகமாக இருந்திருந்தால் அந்தப் புல்வெளியில் போட்டிருக்க முடியுமா?

சைதாப்பேட்டைவாசி:
பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு சின்ன உள்ளூர்ச் செய்தி. சென்னைக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1980-ல் பாதல் சர்க்கார் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்து பட்டறை நடத்தினார். நம் நவீன நாடக ஆட்கள் பலர் அதில் இருந்தார்கள், அதற்குப் பிறகு இங்கே வீதி நாடகத்துக்கு ஒரு வேகம் வந்தது என்று எங்கள் தலைமுறையில் எல்லோரும் சொல்வார்கள். ஞாநியின் பரீக்ஷா நாடகக் குழு 1978-லேயே தொடங்கிவிட்டது, பாதல் சர்க்கார் நாடகங்களைத் தமிழில் போட்டார்கள்.

நான் அந்தப் பட்டறையில் இல்லை, அப்போது பள்ளிக்கூடம். அங்கே போய்வந்த ஓர் அண்ணன் பிற்பாடு எங்கள் கல்லூரியில் வந்து எங்களுக்கு எடுத்த பயிற்சி ஞாபகம் இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வார், கூட இருப்பவன் தொடாமல் சத்தத்தால் மட்டும் வழிகாட்ட வேண்டும். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு இயந்திரம் ஆக வேண்டும். நாங்கள் சிரித்துச் சிரித்து இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. அவர் கோபிக்கவே இல்லை, "சிரிப்பையும் இயந்திரத்துக்குள்ள போடுங்கடா" என்றார்.

திரைச்சீலை:
தம்பி, நீங்கள் சொன்னதிலேயே என் புகாரும் இருக்கிறது. அந்தப் பயிற்சிகளை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், இயந்திரம் ஆனார்கள், மரம் ஆனார்கள், கை கோத்துப் பிரமிடு ஆனார்கள். தொண்ணூறுகளில் ஒரு விழிப்புணர்வு நாடகம் பாக்கியில்லை, எல்லாவற்றிலும் அந்தப் பிரமிடு. எய்ட்ஸ் என்றாலும் பிரமிடு, மழைநீர் சேகரிப்பு என்றாலும் பிரமிடு. பணம் கொடுத்தது ஏதோ ஒரு திட்டம். சர்க்கார் வேண்டாம் என்ற அந்த விற்கிறவன் வாங்குகிறவன் உறவு, அவருடைய உத்திகளைப் பிடித்துக்கொண்டே வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

கடைசிவரிசை:
இதைத்தான் சார் நான் முதல் பதிவிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்! உடம்பை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டால் வருவது பிரமிடு. நீங்கள் எனக்கு எதிராகப் பேசுவதாக நினைத்து என் கட்சிக்கே ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

திரைச்சீலை:
ஓட்டு போடவில்லை. ஒரு வடிவம் இவ்வளவு சுலபமாகத் திருடப்படுகிறது என்றால் அதில் எழுத்து பலவீனம் என்று அர்த்தம். 'ஏவம் இந்திரஜித்'தை யாராலும் மழைநீர் சேகரிப்பு ஆக்க முடியாது.

நீலப்பேனா:
அந்தக் கடைசி வரி எனக்குப் பிடித்திருந்தாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'ஊர்வலம்' எழுத்தில் பலவீனமா? அதை நான் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் போட்டுப் பார்த்தேன். மொழி பாதிதான் புரிந்தது. என் காலுக்கு அரை அடி தள்ளி ஒரு பையன் செத்து விழுந்தான், எழுந்தான், இன்னொரு பக்கம் போய் மறுபடி விழுந்தான். மூன்றாவது தடவை விழும்போது அவன் முழங்கை தரையில் சிராய்த்துத் தோல் உரிந்தது, அவன் கண்டுகொள்ளவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா "ஐயோ" என்று கைக்குட்டையை எடுத்து நீட்டிவிட்டு, நாடகம் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கைக்குட்டை நீண்ட இடத்துக்கு எந்த வசனம் போகும்?

இன்னொன்றும் கேட்கணும். குழு, குழு என்கிறோம், பேச்செல்லாம் ஒரே ஆளைப் பற்றியே இருக்கிறது. சதாப்தியில் இருந்த மற்றவர்கள்? கூட்டாக உருவாக்கினோம் என்று சொல்லிக்கொண்டே எல்லாப் புத்தகத்திலும் ஒரே பெயர்.

ஹௌராபாலம்:
நீலப்பேனா மேடம், இது முக்கியமான கேள்வி, வங்காளத்திலும் இதைக் கேட்பார்கள். எழுதியது, இயக்கியது, கொள்கை வகுத்தது, பட்டறை நடத்தியது, நடித்தது எல்லாம் அவரே. கூட்டாக உருவாக்குவது என்பது ஒத்திகையில் நிஜமாக நடந்தது, ஆனால் அச்சுக்குப் போகும்போது ஒரு பெயர்தான் போகும். வெளியே பெயர் தெரியாத நடிகர்கள் வேலைக்கும் போய், சாயங்கால ஒத்திகைக்கும் வந்து, வாரக் கடைசியில் நாடகமும் போட்டு வருடக்கணக்கில் இருந்தார்கள். பெண்களுக்கு இன்னும் கஷ்டம், ராத்திரி லோக்கல் ரயிலில் திரும்பி வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். சம்பளமில்லாத நாடகத்தின் செலவை யார் ஏற்றார்கள் என்று கூட்டல்கழித்தல் கேட்டாரே, அந்தக் கணக்கில் இவர்கள் வீட்டில் இருந்தவர்களையும் எழுத வேண்டும்.

சர்க்காரைப் பற்றியும் ஒரு வரி. பத்மஸ்ரீ 1972-ல் வாங்கிக்கொண்டார், 2010-ல் பத்மபூஷண் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். நடுவில், அறுபது தாண்டிய வயதில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியம் படிக்கச் சேர்ந்து 1992-ல் எம்.ஏ. முடித்தார். பேரப்பிள்ளை வயசுப் பசங்களோடு பெஞ்சில். 2011 மே மாதம் காலமானார்.

புதுவாசகி:
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். எங்கள் அடுக்குமாடியில் பொங்கலுக்குப் பசங்களை வைத்து ஏதாவது போடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவருடைய நாடகத்தில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு ஏற்றதாக ஒன்று இருக்கிறதா? செத்து விழுவது வேண்டாம், அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள்.

கடைசிவரிசை:
இருக்கு. 'ஹட்டமாலார் ஓபாரே'. கேனாராம், பேச்சாராம் என்று இரண்டு திருடர்கள். ஊரார் துரத்த ஆற்றில் குதித்து ஒரு விசித்திரமான ஊரில் கரையேறுகிறார்கள். அந்த ஊரில் பணம் என்ற பொருளே கிடையாது. சாப்பாட்டுக் கடையில் மூக்கு முட்டத் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடப் பார்க்கிறார்கள், துரத்த யாரும் வருவதில்லை. ராத்திரி சுவரில் கன்னம் வைக்கிறார்கள், ஏன் கஷ்டப்படுகிறீர்கள், வேண்டுமென்றால் எடுத்துப் போங்களேன் என்கிறார்கள். திருடுவதற்கே வழியில்லாத ஊரில் திருடன் என்ன செய்வான்? பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பிரேமேந்திர மித்ரா கதையிலிருந்து எடுத்தது. பெரியவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, இந்த இழை முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கூட்டல்கழித்தல்:
மேடம், ஷாமியானா, மைக்செட் என்று அசோசியேஷன் பட்ஜெட் போட வருவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். கார் நிறுத்துமிடம் போதும்.

புதுவாசகி:
கார் நிறுத்துமிடத்தில் வண்டிகளை எடுக்கச் சொல்வதற்குத்தான் மைக் வேண்டும் சார்.

திரைச்சீலை:
எடுக்கச் சொல்லாதீர்கள். வண்டிகளுக்கு நடுவிலேயே போடுங்கள். திருடர்கள் ஒளிந்துகொள்ள இடம் வேண்டாமா? (இதனால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம்.)